வலி மாத்திரையில் 'லேசானது' எது?

(நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவு நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் மனுவோடு மருந்துச் சீட்டையும், மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். பில் தொகையைச் சரிபார்க்கத்தான் அந்தப் பையைத் திறக்கிறோம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு அடுத்தபடியாக அதில் நாங்கள் பார்ப்பது வலி மாத்திரைகள். கீழமாசி வீதியிலும் நெல்பேட்டையிலும் வருஷக்கணக்கில் மூட்டை சுமந்த முதுகுகள், முழங்கால் தேய்ந்த நன்னிமார்கள், அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள், புற்றுநோயாளிகள். மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள்.

அவர்கள் சொல்வதில் இரண்டு வகை உண்டு. "இது லேசான மாத்திரைதானாம், ஒன்றும் செய்யாதாம்" என்று சொல்லி, அதே அட்டையை வீட்டில் எல்லோருக்கும் பிய்த்துக் கொடுப்பவர்கள் ஒரு வகை. "இதில் அபின் இருக்காமே, ஹராம் ஆயிற்றே" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, வலியில் துடித்துக்கொண்டு பொறுமையாக இருப்பதாக நினைப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு வகையினருக்கும் சேர்த்துத்தான் இன்று பேசுகிறோம். நாங்கள் மருத்துவர்கள் இல்லை. யாருடைய மருந்தையும் மாற்றச் சொல்லவோ, நிறுத்தச் சொல்லவோ இங்கே நிற்கவில்லை. மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் பாதி ஆபத்து குறையும். அந்த அளவுக்குத்தான் எங்கள் பேச்சு.

முதலில் இந்த 'லேசான' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டு புற்றுநோய் வலிக்கு மூன்று படிகள் கொண்ட ஒரு முறையை வெளியிட்டது. முதல் படியில் பாராசிட்டமால், புரூஃபென் போன்றவை. மூன்றாம் படியில் மார்பின். நடுப்படிக்கு 'வலுக்குறைந்த ஓபியாய்டு' என்று பெயர் வைத்தார்கள். ஓபியாய்டு என்றால் அபினிலிருந்து எடுத்த மருந்து, அல்லது தொழிற்சாலையில் செய்யப்பட்டாலும் அபினைப் போலவே மூளையில் வேலை செய்கிற மருந்து. கோடீன், டெக்ஸ்ட்ரோபுரோபாக்சிஃபீன், டிரமடால் ஆகியவை அந்த நடுப்படியில் இருந்தவை. மார்பினோடு ஒப்பிட்டால் வலியை அடக்கும் திறன் குறைவு என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். உயிருக்கு ஆபத்து குறைவு என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த இடத்தில்தான் கடைக்காரரும் நாமும் சறுக்குகிறோம்.

அபின் என்பது அரபியிலிருந்து நமக்கு வந்த சொல்தான். அஃப்யூன் என்பார்கள்; அரபிக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது. இப்னு சீனா தம் கானூன் நூலில், உணர்வை மரக்கச் செய்யும் மருந்துகளில் வலிமையானதாக அபினைக் குறிப்பிடுகிறார். அதன் கேட்டையும் சேர்த்தே எழுதுகிறார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே மருந்தும் எச்சரிக்கையும் ஒரே பக்கத்தில் இருந்திருக்கின்றன. நம் மாத்திரை அட்டையிலோ எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில்.

இந்த மூன்றில் டெக்ஸ்ட்ரோபுரோபாக்சிஃபீனின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் வாயில் நுழையாது. ஆனால் ஸ்பாஸ்மோ பிராக்ஸிவான் என்றால் நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். வயிற்று வலிக்கும், மாதவிலக்கு வலிக்கும், சிறுநீரகக் கல் வலிக்கும் கொடுத்த நீல கேப்ஸ்யூல். இந்த மருந்து அமெரிக்காவில் 1957ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. கோடீனை விடப் பாதுகாப்பானது என்று எண்ணி உலகம் முழுக்க எழுதித் தந்தார்கள். ஐம்பது வருஷம் ஓடியது.

பிரிட்டனில் இதையும் பாராசிட்டமாலையும் சேர்த்த ஒரு மாத்திரை வீட்டுக்கு வீடு இருந்தது. அந்த ஒரு மாத்திரையால் ஆண்டுக்கு 300 முதல் 400 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். பலர் வேண்டுமென்றே விழுங்கியவர்கள். ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சாக நினைத்தவரே இல்லை. வலி தாங்காமல் கூடுதலாகச் சில மாத்திரைகளைப் போட்டவர், அல்லது மதுவோடு சேர்த்துப் போட்டவர். காரணம் என்னவென்றால், இந்த மருந்து ஈரலில் உடைந்து உண்டாகும் இன்னொரு பொருள் உடம்பை விட்டுச் சீக்கிரம் போவதில்லை. ஒரு நாளுக்கும் மேல் தங்கும். அடுத்தடுத்த வேளை மாத்திரைகளால் அது சேர்ந்துகொண்டே போகும். அது இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கும். அபின் வகை மருந்து அதிகமாகி மூச்சு அடங்கினால் அதை முறிக்க ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி உண்டு. இதயத்தில் ஏற்படும் இந்தக் கேட்டை அந்த ஊசியால் சரிசெய்ய முடியாது. இவ்வளவு ஆபத்தைச் சுமந்த மாத்திரை, வெறும் பாராசிட்டமாலை விட வலியை நன்றாகக் குறைத்ததா என்று சோதித்துப் பார்த்தபோது, பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

2005 ஜனவரியில் பிரிட்டன் அதைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 350 மரணங்கள் குறைந்தன என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இது இல்லையென்றால் இன்னொன்றை விழுங்கிச் சாவார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. அப்படி நடந்ததாகக் கணக்கில் தெரியவில்லை. 2009இல் ஐரோப்பிய மருந்து முகமை இதை நிறுத்தப் பரிந்துரைத்தது. 2010 நவம்பரில் அமெரிக்கா நிறுத்தியது. அங்கே நடந்த சோதனையில், மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிட்ட ஆரோக்கியமானவர்களின் இதயத்திலேயே மாற்றம் தெரிந்தது. இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகம் 2013 மே மாதம்தான் இதன் தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்தி ஆணையிட்டது. பிரிட்டன் அறிவித்து எட்டு வருஷம் கழித்து! அதற்குள் நம் நாட்டின் வடகிழக்கில், மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து இளைஞர்கள் அந்த நீல கேப்ஸ்யூலைப் பிரித்து, பொடியைக் கரைத்து நரம்பில் ஏற்றி, சீழ் வைத்து, கை கால்களை இழந்திருந்தார்கள்.

இந்தக் கதையில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. மருந்து போனாலும் பெயர் போகவில்லை. அதே பெயரோடு 'பிளஸ்' சேர்த்து வந்த கேப்ஸ்யூலில் டிரமடால் நுழைந்தது. நன்னிக்குப் பழக்கமான பெயர். கடையில் கேட்டால் கிடைக்கிறது. உள்ளே இருப்பதோ வேறு மருந்து, வேறு ஆபத்து. ஆகவே அட்டையில் பெரிதாக இருக்கும் வியாபாரப் பெயரைப் பார்த்துப் பயனில்லை. அதன் கீழே சிறிதாக இருக்கும் மருந்தின் பெயரைத்தான் படிக்க வேண்டும். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் செல்போன் அதற்காவது உதவட்டும்.

கோடீனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மாத்திரையாக அது நம் ஊரில் குறைவு. இருமல் மருந்தாகத்தான் நமக்குப் பழக்கம். அபினிலேயே இருக்கிற பொருள். தனியாக அதற்கு வலுவில்லை. ஈரல் அதில் ஒரு சிறு பங்கை மார்பினாக மாற்றுகிறது, வலி குறைவது அதனால்தான். இந்த மாற்றும் வேலை ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலர் உடம்பு மாற்றவே மாற்றாது. அவர்களுக்கு வலி குறையாது, மலச்சிக்கல் மட்டும் வரும். சிலர் உடம்பு அளவுக்கு மீறி வேகமாக மாற்றிவிடும். சாதாரண அளவே அவர்களுக்கு விஷமாகும். இரண்டில் தாம் எந்த வகை என்று வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது. டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பின் கோடீன் கொடுத்த பிள்ளைகள் சிலர் மூச்சடங்கி இறந்த பிறகு, 2013இல் அமெரிக்க மருந்துத் துறை கடுமையாக எச்சரித்தது. 2017 ஏப்ரலில் இன்னும் ஒரு படி மேலே போய், 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கோடீனும் கூடாது, வலிக்கு டிரமடாலும் கூடாது என்றது. பாலூட்டும் தாய்மார்கள் இரண்டையும் தவிர்க்க வேண்டும் என்றும் சொன்னது. இங்கே கோடீன் கலந்த இருமல் மருந்துகளுக்கு 2016 மார்ச்சில் தடை வந்தது. டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023 ஜூனில் மத்திய அரசு சில கலவைகளை மீண்டும் தடை செய்தது. இந்த இழுபறி நீதிமன்றத்தோடு இருக்கட்டும். அத்தாவுக்கு எழுதிய இருமல் மருந்தைப் பிள்ளைக்கு அரை மூடி ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தாய்மார்களே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இப்போது டிரமடால். நாங்கள் திறக்கும் பைகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். தனியாகவும் வரும், பாராசிட்டமாலோடு கலந்தும் வரும். அல்ட்ராசெட் என்ற பெயரில் பலரும் அறிந்த மாத்திரையில் டிரமடால் 37.5 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம். ஜெர்மனியில் 1977ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த மருந்து இது. மற்றவற்றை விட அடிமைப்படுத்துவது குறைவு என்ற நற்பெயரோடு உலகத்தைச் சுற்றியது. அந்த நற்பெயர் நிலைக்கவில்லை. 2018 ஏப்ரல் 26ஆம் தேதி இந்திய அரசு டிரமடாலைப் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது. கஞ்சாவைப் பிடிக்கிற அதே சட்டம். மருத்துவர் சீட்டு இருந்தால் கடையில் வாங்கலாம், தவறில்லை. சீட்டு இல்லாமல் கைமாறினால், கொடுத்தவரும் வாங்கியவரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பு எழுத்தில் என்.ஆர்.எக்ஸ் என்று இருக்கும். அந்த எழுத்தை வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.

டிரமடால் இரண்டு வேலை செய்கிறது. அபின் வகை மருந்தாக வலியைக் குறைக்கிறது. கூடவே மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளைப் போல மூளையில் சில சுரப்புகளைக் கூட்டுகிறது. இந்த இரண்டாவது வேலைதான் கோடீனிலிருந்து அதைப் பிரிக்கிறது. கோடீனில் பெரிதாக இல்லாத ஒரு ஆபத்து இதில் வருகிறது: வலிப்பு. ஏற்கெனவே காக்காய் வலிப்பு உள்ளவர், தலையில் அடிபட்டவர், அளவுக்கு மீறிப் போடுபவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். சொன்ன அளவில் சாப்பிட்டும் வலிப்பு வந்தவர்கள் உண்டு. மனநல மருத்துவர் தந்த எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளோடு இது சேர்ந்தால், உடம்பு நடுங்கி, வியர்த்து, காய்ச்சல் ஏறி, மனம் குழம்பும் ஒரு நிலை வரலாம். இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. மனநல மாத்திரை சாப்பிடுவதை நம் மக்கள் வெளியே சொல்வதில்லை. எலும்பு மருத்துவரிடமும் மறைத்துவிடுகிறார்கள். நோயை மறைப்பதில் மானம் ஒன்றும் காக்கப்படுவதில்லை. அவருக்குத் தெரியாவிட்டால் அவர் எழுதித்தான் கொடுப்பார்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொன்று. டிரமடால் சிலருக்கு இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்குகிறது. தொடங்கிய முதல் சில நாட்களில் மயக்கம், படபடப்பு, வியர்வை வந்தால், 'வலி மாத்திரையின் கிறுகிறுப்பு' என்று படுத்துவிடாமல் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம்தான் எல்லை. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 300. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதைவிடக் குறைவு, இடைவெளியும் அதிகம். இந்த எண்கள் மருத்துவருக்கானவை. வலி குறையாமல் தாமாக மூன்று, நான்கு என்று கூட்டிக்கொள்ளும்போது எங்கே போய் நிற்போம் என்பது தெரிய வேண்டுமே என்று சொல்கிறோம். கலவை மாத்திரை என்றால் பாராசிட்டமாலும் கூடவே ஏறும். ஒரு பையில் கலவை மாத்திரை, டோலோ, சளிக்கு வாங்கிய இன்னொரு மாத்திரை ஆகிய மூன்றிலும் பாராசிட்டமால் இருந்ததைப் பார்த்திருக்கிறோம். ஈரலுக்கு அது மூன்று பெயர் இல்லை, ஒரே மருந்து.

எல்லா ஓபியாய்டுக்கும் பொதுவானவையும் உண்டு. வாந்தி, கிறுகிறுப்பு, தூக்கம், அரிப்பு, மலச்சிக்கல். வாந்தி சில நாளில் அடங்கும். மலச்சிக்கல் அடங்காது, மாத்திரை இருக்கும் வரை இருக்கும். கோடீனில் அது அதிகம்; டிரமடாலில் மலச்சிக்கல் சற்றுக் குறைவு, வாந்தியும் தலைசுற்றலும் அதிகம். வயதானவர்களுக்கு எங்கள் பெரிய பயம் ஃபஜ்ர் நேரம். இரவு மாத்திரை போட்டவர் இருட்டில் எழுகிறார், ஒளூச் செய்யும் இடம் ஈரம், தலை சுற்றுகிறது, விழுந்தால் இடுப்பு எலும்பு. வலிக்குச் சாப்பிட்ட மாத்திரை அதைவிடப் பெரிய வலியைக் கொண்டுவந்துவிடுகிறது. முதல் வாரத்திலாவது அவர்களை வீட்டிலேயே உட்கார்ந்து தொழச் சொல்லுங்கள்; எழும்போது ஒருவர் கூட இருங்கள். ஆட்டோ, லாரி ஓட்டும் சகோதரர்கள் மாத்திரை தொடங்கிய நாட்களில் வண்டியைத் தொட வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் விட உயிருக்கு நெருக்கமான ஆபத்து, தூக்க மாத்திரையோடு சேர்வது. ஆல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவையும் இந்த வலி மாத்திரைகளும் இரண்டுமே மூச்சை மெதுவாக்கும். தனித்தனியாகத் தாங்குகிற உடம்பு சேர்த்துத் தாங்காது. 2016இலேயே அமெரிக்க மருந்துத் துறை இந்தச் சேர்க்கைக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் அச்சிடச் செய்தது. பிறகு நரம்பு எரிச்சலுக்குத் தரும் பிரிகபாலின், காபாபென்டின் பற்றியும் அதே போல எச்சரித்தது. நம் ஊரில் சர்க்கரை நோயால் கால் எரியும் ஒருவருக்குப் பிரிகபாலின், தூக்கத்துக்கு ஆல்பிரசோலம், மூட்டுக்கு டிரமடால் என்று மூன்று மருத்துவர் மூன்று சீட்டு எழுதியிருப்பது அபூர்வமில்லை. ஒவ்வொருவர் எழுதியதும் சரியே. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. அந்த வேலையைக் குடும்பம்தான் செய்ய வேண்டும்: எல்லாச் சீட்டையும் எல்லா மருத்துவரிடமும் காட்டுவது.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, மருத்துவர்கள் ஏன் இதை எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், புரூஃபென் வகை மாத்திரைகள் குடலில் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இதய நோயாளிக்கு ஆகாது. கடையில் சர்வ சாதாரணமாக வாங்கிப் போடுகிறோமே, அவைதான் நம் மக்களின் சிறுநீரகங்களை அதிகம் பதம் பார்க்கின்றன என்பது எங்கள் கணிப்பு. டிரமடால் குடலைப் புண்ணாக்குவதும் சிறுநீரகத்தை அரிப்பதும் அந்த வகையில் இல்லை. அல்சர் உள்ள எழுபது வயதுப் பெரியவருக்குச் சில நாட்களுக்கு, குறைந்த அளவில், அது நல்ல தேர்வாக இருக்கலாம். ஆக, மருத்துவரிடம் கேட்க வேண்டியது, 'இது நல்ல மாத்திரையா' என்பதை விட, 'என் உடம்பில் உள்ள மற்ற நோய்களுக்கு இது ஒத்துப்போகுமா, எத்தனை நாள், எப்படி நிறுத்துவது' என்பதுதான். வாரக்கணக்கில் சாப்பிட்ட பிறகு சட்டென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை, உடம்பு வலி எல்லாம் வரும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ரமலானில் இந்தச் சிக்கல் கூடுகிறது. எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதிய மாத்திரையை ஸஹரிலும் இஃப்தாரிலும் இரண்டாகச் சுருக்கிக்கொள்கிறார்கள், அல்லது பகலில் விட்டதையும் சேர்த்து இரவில் போடுகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டு இஃப்தார் கஞ்சியையும் வாந்தி எடுக்கிறார்கள். ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டால், மெதுவாகக் கரையும் மாத்திரை பொருந்துமா என்று அவர் பார்ப்பார். பொருந்தாவிட்டால், நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை இருக்கிறது. சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதல்தான்.

ஹராம் என்ற கேள்விக்கு வருவோம். போதை தருவது விலக்கப்பட்டது என்பது மதரஸாவில் சிறு வயதிலேயே படித்த பாடம். நிர்ப்பந்தத்தின் சட்டம் வேறு என்பதும் அதே மதரஸாவில் படித்ததுதான். போதைக்காக உட்கொள்வதும், வேறு வழியில்லாத வலிக்கு மருத்துவர் அளந்து கொடுப்பதும் ஒன்றில்லை. இதில் ஆலிம்களிடையே பொதுவாக ஒத்த கருத்துதான். இந்தத் தயக்கத்தால் அதிகம் துன்பப்படுவது புற்றுநோயாளிகள். அவர்கள் விஷயத்தில் 'லேசானது' என்ற பெயர் இன்னொரு விதமாகவும் ஏமாற்றுகிறது. 2016இல் இத்தாலியில் 240 புற்றுநோயாளிகளிடம் ஓர் ஒப்பீடு நடந்தது. ஒரு பாதிப் பேருக்குக் கோடீன், டிரமடால் வகை. மறு பாதிப் பேருக்கு மிகக் குறைந்த அளவு மார்பின். மார்பின் பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அருகில் வலி நன்றாகக் குறைந்தது. மற்றவர்களில் பத்தில் ஆறு பேருக்கு அருகில்தான். பக்க விளைவுகளில் பெரிய வித்தியாசமில்லை. அதாவது நடுப்படி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதை விட, வலிய மருந்தைச் சிறிதளவு கொடுப்பது அந்த நோயாளிகளுக்கு மேலாக இருந்தது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு, உரிமங்களின் கெடுபிடியால் மார்பினைத் தொடவே ஆஸ்பத்திரிகள் தயங்கின. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எளிதாக்கியது. மருத்துவர் மார்பின் என்று சொன்னால், 'முடிந்துவிட்டது என்று பொருள்' என எண்ணி மறுக்காதீர்கள்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிரமடால் கடும் சட்டத்துக்குள் போன பிறகு, டபென்டடால் என்ற மாத்திரை பக்கம் கைகள் திரும்பின. அது டிரமடாலை விட வலுவானது. தமிழ்நாட்டில் 'வலி நிவாரண மாத்திரைகள் பறிமுதல்' என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, பெரும்பாலும் இதுதான். இளைஞர்கள் மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்க்கும் மாவுப் பொருள் தண்ணீரில் கரையாது. அது நரம்பை அடைத்து, நுரையீரல் வரை போய்ச் சேருகிறது. ஒரே ஊசியை நாலு பேர் பயன்படுத்தினால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் கூடப் போகும். இது நம் தெருவில் இல்லை என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை. அறுவை சிகிச்சை முடிந்த வீட்டில் மிஞ்சிய அட்டையை அலமாரியில் விட்டுவைக்காதீர்கள். பிள்ளை சிக்கிவிட்டான் என்று தெரிந்தால் அடிப்பதற்கு முன் 14446 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் அது. மருந்தின் பக்க விளைவு எதுவானாலும் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. அங்கே நோயாளியே பேசலாம்.

கடைசியாக, வளைகுடாவுக்கும் உம்ராவுக்கும் போகிறவர்களுக்கு. டிரமடாலும் கோடீனும் சவூதியிலும் அமீரகத்திலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். பிரிகபாலினும் அப்படியே. 2017இல் எகிப்துக்குத் தன் துணைவருக்காக 290 டிரமடால் மாத்திரைகளைக் கொண்டுபோன ஒரு பிரிட்டிஷ் பெண்ணுக்கு மூன்றாண்டுச் சிறை கிடைத்தது. முதுகு வலிக்குத்தான் என்று அவர் சொன்னார்; அந்த நாட்டில் அது போதைப்பொருள். சொந்த நோய்க்குக் கொண்டுபோவதானால் அமீரகத்தில் அந்நாட்டு அரசின் முன்அனுமதி வேண்டும். சவூதியில் உணவு மற்றும் மருந்து ஆணையத்தின் அனுமதி. இரண்டுக்கும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மருந்தின் பெயர், அளவு, நோய் மூன்றும் எழுதிய மருத்துவர் சீட்டு, கடை பில், பிரிக்காத அட்டை எல்லாம் கையில் இருக்க வேண்டும். மாத்திரையைப் பிய்த்து டப்பாவில் போட்டுப் போகாதீர்கள். அறைத் தோழருக்கு என்று ஊரிலிருந்து யாராவது மருந்துப் பார்சல் கொடுத்தால், மாமன் மச்சான் ஆனாலும், பிரித்துப் பாருங்கள். பிரிக்கக் கூடாது என்றால் வாங்காதீர்கள்.

உம்ராவுக்குப் புறப்படும் குடும்பங்கள் இருபது நாள் முன்பே மாத்திரைப் பையை நம் அலுவலகத்துக்குக் கொண்டுவரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மஃக்ரிப் தொழுகைக்குப் பிறகு, மருந்தாளுநரான ஒரு சகோதரர் உட்கார்ந்து எந்த மாத்திரைக்கு அனுமதி தேவை என்று பார்த்துச் சொல்கிறார், விண்ணப்பத்துக்கும் உதவுகிறார். ஊரிலேயே இருப்பவர்களும் எல்லாச் சீட்டுகளோடு வந்து காட்டலாம். வெறும் சீட்டு போதாது, அட்டைகளும் வேண்டும்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.